முதலில் ஏற்றிய மஞ்சள்

லோரியில் முதலில் ஏற்றுகிற சரக்கு கடைசியாகத்தான் இறங்கும். இந்த உண்மை எனக்கு ஐம்பத்திரண்டாவது வயதில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புதுச் சாப்பாட்டுக் கடையின் வாசலில், ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் தெரியவந்தது. அதற்கு முன் தெரிந்துகொள்ள வாய்ப்பே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. கோமுட்டர் ரயிலில் ஏறாதவனா நான்? கடைசியாக ஓடிவந்து தொற்றிக்கொண்டவன் கதவோரம் நிற்பான். அவன்தான் முதலில் இறங்குவான். முதல் ஆளாக ஏறி உள்ளே போய் இடம் பிடித்த புத்திசாலி, தன் நிலையம் வந்ததும் எல்லார் காலையும் மிதித்துவிட்டு, கதவு மூடியதும் கண்ணாடி வழியாகத் தன் நிலையத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த ஊருக்குப் போவான். அந்தப் புத்திசாலி பல தடவை நானேதான். ஆனால் லோரி என்று வந்தபோது இது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. அப்போது நான் மூளையை நம்பி வாழ்ந்துகொண்டிருக்கவில்லை. மடிக்கணினியை நம்பி வாழ்ந்துகொண்டிருந்தேன்.

எல்லாம் ஓர் இலவசச் சாப்பாட்டில் ஆரம்பித்தது.

எனக்குத் தொழில் அப்பளம். கிள்ளானில் ஒரு பின்சந்துக் கட்டடத்தில் சரக்கை வைத்துக்கொண்டு, கோலாலம்பூர் வரைக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அப்பளத்துக்கு எடை கிடையாது. வேன் முழுக்க அடுக்கினாலும் மூன்று பேர் ஏறியதுபோலத்தான் இருக்கும். முழுக்க அடுக்குகிற அளவுக்கு எனக்கு வியாபாரமும் கிடையாது. ஆகவே இருபது வருடமாக நான் ஃபெடரல் ஹைவேயில் கிள்ளான் காற்றைக் கோலாலம்பூருக்கு ஏற்றிப்போய், கோலாலம்பூர் காற்றைக் கிள்ளானுக்கு ஏற்றி வந்தேன். நடுவில் கொஞ்சம் அப்பளம்.

ஒருநாள் வியாபாரிகளுக்கான ஒரு பட்டறைக்கு அழைப்பு வந்தது. நகரத்தில் சரக்கு வண்டிகளைக் குறைத்துப் புகையைக் குறைப்பது எப்படி என்று தலைப்பு. நான் அழைப்பின் கடைசி வரியை முதலில் படிக்கிறவன். மதிய உணவு வழங்கப்படும் என்று இருந்தது. போனேன். பெரிய ஹோட்டல். பூமியைக் காப்பாற்ற வந்திருந்த ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல். குளிரூட்டியின் குளிரில், புவி சூடாகிறது என்று பேசியவரே தோளில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

பேசியவர் ஓர் இளம் முனைவர். நல்ல பெண். நன்றாகவும் பேசினார். ஒரே தெருவுக்கு ஒரே காலையில் எத்தனை வேன்கள் வருகின்றன, அவற்றில் பாதி எப்படிக் காலியாக வருகின்றன, எல்லாரும் சேர்ந்து ஒரே லோரியில் சரக்கை அனுப்பினால் எவ்வளவு நெரிசல் குறையும் என்றெல்லாம் விளக்கிவிட்டு, ‘இதோ பாருங்கள், நம் பிரச்சினை’ என்று ஒரு படத்தைத் திரையில் போட்டார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வெள்ளை வேன். மற்ற வண்டியை மறித்துக்கொண்டு நிற்கிறது. பின்கதவு திறந்திருக்கிறது. உள்ளே அவ்வளவு பெரிய இடத்தில் மூன்றே மூன்று அட்டைப்பெட்டி. நம்பர் தகட்டை மறைத்திருந்தார்கள். பின்கதவில் நான் சுவரில் மோதி உண்டாக்கிய நெளிசலை மறைக்கவில்லை.

அரங்கம் சிரித்தது. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் கை கழுவப் போனவன் வழி தவறி ஹோட்டலின் பின்வாசலுக்குப் போய்விட்டேன். அங்கே எங்கள் மதிய உணவைக் கொண்டுவந்த மூன்று வேன்கள் நின்றன. சோறு ஒன்றில், பலகாரம் ஒன்றில், காப்பிக் குடம் ஒன்றில். மூன்றாவது வேன் நிற்க இடமில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே வந்து முனைவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். பலகாரம் நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் படம் என்னை உறுத்தியது. புதிதாக மதம் மாறியவனைப் போல ஊருக்குத் திரும்பினேன். மறுநாளே கிள்ளான் லிட்டல் இந்தியாவில் நாங்கள் வழக்கமாகத் தே தாரிக் குடிக்கிற கடையில் இரண்டு பேரை உட்கார வைத்துப் பிரசங்கத்தைத் தொடங்கினேன்.

ஒருவர் வாழையிலை வியாபாரி. காப்பார் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறார். இலையைக் கட்டுக் கட்டாக நகரத்துக்கு அனுப்புகிறார். இன்னொருவர் மசாலா மில் வைத்திருக்கும் அக்கா. வயதில் எனக்குச் சின்னவர்தான். ஆனால் கிள்ளானில் அவரை எல்லாருமே அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். அவரிடம் ஐந்து நிமிடம் பேசினால் ஏன் என்று புரிந்துவிடும்.

இலைக்காரர் உடனே கையை விரித்தார். “ஒரே லோரிலயா? முடியாதுலா. என் கஸ்டமர் யார் யாருன்னு ஒங்களுக்கெல்லாம் தெரிஞ்சு போயிடும். ரகசியம்னு ஒண்ணு இருக்குல்ல.”

“அண்ணே, நீங்க போன்ல பேசுனா கடல் பக்கம் இருக்கிறவனுக்கும் கேக்குது” என்றார் அக்கா. “ஒங்க கஸ்டமர் லிஸ்டு இந்தக் கடைல ரொட்டி போடுறவருக்கே தெரியும்.”

ரொட்டி போடுகிறவர் திரும்பாமலேயே நான்கு கடைகளின் பெயரை வரிசையாகச் சொன்னார். இலைக்காரர் சம்மதித்தார்.

அக்கா சம்மதித்தது வேறு காரணத்துக்காக. அவருடைய வேனின் இன்ஜின் போன மாதம் ஹைவேயிலேயே உயிரை விட்டிருந்தது. இது தெரிந்துதான் நான் அவரைக் கூப்பிட்டேன் என்று சொன்னால் நல்லவனாகத் தெரிவேன். தெரியாமல்தான் கூப்பிட்டேன்.

“அண்ணே, ஒரு விஷயம்” என்றார். “பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடை ஓனர் இருக்காருல்ல, அவரு ரெண்டாவது கடை தொறக்குறாரு. வர்ற புதன்கிழமை பால் காய்ச்சுறாரு. அடுப்படிக்குள்ள மொதல்ல போறது மஞ்சளும் உப்புமாத்தான் இருக்கணும். மஞ்சள் நம்ம மில்லு மஞ்சள். ஒம்பதரைக்குள்ள நல்ல நேரத்துல ஒழுங்கா உள்ள போச்சுன்னா, ரெண்டு கடைக்கும் எல்லாத் தூளும் என்கிட்டதான் எடுப்பேன்னு சொல்லிட்டாரு.”

“போகலன்னா?”

“போகலன்னா பாக்கெட் கம்பெனி ஏஜென்ட் ஒருத்தன் அவரு வாசல்லயே குடியிருக்கான். அவன்கிட்ட எடுப்பாரு. நான் மிஷின இரும்புக் கடைல போட்டுட்டு ஷா ஆலாம் ஃபேக்டரிக்கே போக வேண்டியதுதான். அங்கேருந்துதானே வந்தேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கையில் இருந்த கரண்டியால் காலிக் கிளாஸைக் கலக்கிக்கொண்டிருந்தார். அதை நான் கவனித்தேன். கவனித்தும் என்ன சொன்னேன்? “கவலைய விடுங்கக்கா. இனிமே எல்லாம் சிஸ்டம்” என்றேன்.

மூன்று டன் லோரி ஒன்றை டிரைவரோடு வாடகைக்குப் பிடித்தோம். டிரைவர் அங்கிள் முப்பது வருடம் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டியவர். பெட்டிக்குள் எதை எங்கே வைப்பது என்பதில் பல்கலைக்கழகம். அவரிடம் நான் முதல் நாளே சொன்ன வாசகம் இன்றைக்கும் எனக்கு வாய் கசக்கிறது. “அங்கிள், நீங்க ஓட்டுனா மட்டும் போதும். மிச்சமெல்லாம் நான் பிளான் பண்ணிட்டேன்.”

“சரி, பாஸ்” என்றார் அவர்.

என்னை அதுவரை யாரும் பாஸ் என்று கூப்பிட்டதில்லை. என் வேன்கூட என் பேச்சைக் கேட்டதில்லை. அந்த ஒரு சொல் எனக்குத் தலைக்கேறிவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து மடிக்கணினியில் பட்டியல் போட்டேன். மஞ்சளுக்கு மஞ்சள் நிறம், இலைக்குப் பச்சை, அப்பளத்துக்கு வெள்ளை. யார் சரக்கு முதலில் இறங்குகிறதோ அதற்கு எண் ஒன்று. அடுத்தது இரண்டு. அதே வரிசையில் ஏற்றுவது. எவ்வளவு அழகு!

புதன்கிழமை காலையில் முதல் வேலையாக அக்காவின் மில்லுக்குப் போனோம். மஞ்சள் மூட்டைகள், உப்பு மூட்டை, மிளகாய்த் தூள், கறித் தூள் எல்லாம் தயாராக இருந்தன. மில்லில் வேலை செய்கிற இரண்டு பெண்களும் புதுக் கடைக்குப் போகிற மஞ்சள் மூட்டைக்குப் பொட்டு வைத்து, சின்னதாக ஒரு பூச்சரம்கூடக் கட்டியிருந்தார்கள்.

“அண்ணே, நம்மளுது மொதல்ல எறங்கணும். மறந்துடாதீங்க” என்றார் அக்கா.

“அதனாலதான் மொதல்ல ஏத்துறேன்” என்றேன்.

டிரைவர் அங்கிள் என்னைப் பார்த்தார். பிறகு லோரியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வாயைத் திறந்தார். நான் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி எண் ஒன்றைக் காட்டினேன். வாயை மூடிக்கொண்டார். பொட்டு வைத்த மஞ்சள், லோரியின் ஆக உள்ளே, டிரைவர் முதுகை ஒட்டிய சுவரில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தது.

“நீங்களும் வாங்கக்கா, முன்னால எடம் இருக்கு” என்றேன்.

“நான் ரயில்ல வந்துர்றேன். நீங்க கெளம்புங்க” என்றார்.

அடுத்து காப்பாரில் இருந்து வந்து காத்திருந்த வாழையிலைக் கட்டுகள். அதன்பின் என் அப்பளப் பெட்டிகள். எல்லாம் ஏற்றியும் பின்பக்கம் ஐந்தடி இடம் காலியாகக் கிடந்தது. வேறு யாராவது இருந்தால் அதை இடம் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பார்கள். நான் பட்டறைக்குப் போய்வந்தவன். எனக்கு அது இடமாகத் தெரியவில்லை, குற்றமாகத் தெரிந்தது. காலி இடத்தைப் பார்த்ததும் திரையில் என் வேனின் நெளிசல் வந்து நின்றது.

கிள்ளானில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஈமக் காரியப் பொருள்கள் விற்கிறார். சுங்கை வேயில் இதே தொழில் செய்கிற ஒருவருக்கு அவ்வப்போது சரக்கு அனுப்புவார். போன் போட்டேன். “அண்ணே, சுங்கை வேக்கு ஏதாவது இருக்கா? எடம் இருக்கு.”

“இருக்கு, ஆனா அவசரம் ஒண்ணும் இல்ல” என்றார் அவர்.

“இருந்தா குடுங்கண்ணே. காலியா போகக் கூடாது.”

அந்தத் தொழிலில் இருப்பவரை அவசரப்படுத்தியவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பத்து நிமிடத்தில் மண் குடங்கள், எள் மூட்டை, வெள்ளைத் துணிச் சுருள்கள், கம்பிக் காலில் நிற்கும் பெரிய பிளாஸ்டிக் மலர்வளையம் ஒன்று, எல்லாம் ஏறின. மலர்வளையம் அசையாமல் இருக்க அதைக் கதவுப் பக்கம் நேராக நிறுத்தினேன். குறுக்கே ஒரு நீல ரிப்பன். அதில் தங்க எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி.’ லோரி நிரம்பியது. என் நெஞ்சும் நிரம்பியது. என் பட்டியலில் புதிதாக வந்த சரக்குக்கு ஊதா நிறம் கொடுத்தேன். மரியாதையான நிறம்.

ஃபெடரல் ஹைவேயில் ஊர்ந்தோம். கிள்ளானிலிருந்து போகிறவர்களுக்குச் சுங்கை வே முதலில் வரும், பிரிக்பீல்ட்ஸ் பிறகுதான். பலகை தெரிந்ததும் டிரைவர் அங்கிள் சிக்னல் போட்டார்.

“சுங்கை வேல எறக்கிட்டுப் போயிரலாமா, பாஸ்? அஞ்சு நிமிஷம்.”

“வேணாம் அங்கிள். அத இப்ப எறக்கிட்டா திரும்பி வரும்போது லோரி காலியா வரும்.”

அவர் சிக்னலை அணைக்கவில்லை. கொஞ்ச தூரம் டிக் டிக் என்று அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. “காலியா வரக் கூடாதுங்கிறதுக்காக, அதையும் தூக்கிட்டுக் கோலாலம்பூர் போயிட்டு வரணுமா?”

“ஆமா. அதுக்குப் பேருதான் சஸ்டேனபல்.”

“நல்ல பேரு” என்றார். சிக்னலை அணைத்தார்.

ஒன்பது மணி தாண்டிப் பிரிக்பீல்ட்ஸுக்குள் நுழைந்தோம். புதுக் கடை வாசலில் மாவிலைத் தோரணம், இரு பக்கமும் வாழை மரம், ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். அஞ்சடி நடைபாதையில் ஓனர் பட்டு வேட்டியில் நின்றார். ஓனரம்மா கையில் ஆரத்தித் தட்டு. ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. கொஞ்சம் தள்ளி, வெள்ளைச் சட்டையும் கைப்பையுமாக ஒருவர் தானும் விருந்தாளிபோல நின்றார். பாக்கெட் கம்பெனி ஏஜென்ட் இவராகத்தான் இருக்க வேண்டும் என்று அவருடைய புன்னகையிலேயே தெரிந்தது.

லோரியைக் கடை வாசலுக்கு முதுகு காட்டி ஒதுக்கச் சொன்னேன். “வந்துருச்சு, மஞ்சள் வந்துருச்சு!” என்று ஓனரம்மா தட்டோடு முன்னால் வந்தார். கற்பூரம் ஏற்றினார்கள். எனக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது. மேளச் சத்தம் உச்சத்துக்குப் போனது. நான் தாழ்ப்பாளை விலக்கி இரண்டு கதவையும் ஒரே நேரத்தில், கல்யாண மண்டபத்தில் திரை விலக்குவதுபோல, விரியத் திறந்தேன்.

கண்ணீர் அஞ்சலி.

ஓனரம்மா ஆரத்தியை அதற்கு ஒரு சுற்று சுற்றிவிட்டார். கை பழக்கம். இரண்டாவது சுற்றில்தான் கண் பார்த்தது.

நாதஸ்வரத்தை யாரோ நிறுத்தினார்கள். ஓனர் மெதுவாக வந்து, குடங்களைப் பார்த்தார், வெள்ளைத் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “யாரு செத்தா?” என்றார்.

“யாரும் இல்ல மொதலாளி. இது ஷேரிங். ஒரே லோரி, நாலு சரக்கு. சஸ்டேனபல்.”

“என் கட வாசல்லயா?”

“இது சுங்கை வே சரக்கு, மொதலாளி.”

“அப்ப சுங்கை வேல எறக்க வேண்டியதுதானே?”

டிரைவர் அங்கிள் சாலையின் மறுபக்கத்தில் இருந்த ஒரு கட்டடத்தை மிகுந்த ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

“மஞ்சள் எங்க?” என்றார் ஓனர். நான் லோரியின் உள்ளே, இருட்டுக்குள், கையைக் காட்டினேன். குடங்களுக்கும் எள்ளுக்கும் துணிக்கும் பின்னால் அப்பளம், அப்பளத்துக்குப் பின்னால் இலைக்கட்டு, இலைக்கட்டுக்குப் பின்னால் எங்கோ பொட்டு வைத்த மஞ்சள்.

“முன்னால இருக்கிறத எறக்கி வச்சுட்டு எடுத்துர்றேன், ரெண்டே நிமிஷம்” என்றேன்.

“அதுல ஒரு சாமான் என் அஞ்சடில எறங்குச்சு…” என்று ஆரம்பித்த ஓனர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

ஐயர் சொன்னார்: “இன்னும் பதினேழு நிமிஷம்.”

இறக்காமல் எடுக்க வேண்டும் என்றால் மேலே ஏறித் தவழ்ந்து போக வேண்டும். ஏறினேன். நான் ஒல்லியானவன் இல்லை. அப்பளம் விற்கிறவன் அப்பளம்போல இருப்பான் என்று எதிர்பார்க்கக் கூடாது. மலர்வளையத்தைத் தாண்டினேன். துணிச் சுருளைத் தாண்டினேன். என் பெட்டிகளின்மேல் ஊர்ந்தபோது கீழே இருந்து மொறு மொறு என்று ஒரு சத்தம் கேட்டது. என் இருபது வருடத் தொழில் என் வயிற்றின் கீழே நொறுங்கிக்கொண்டிருந்தது. இலைக்கட்டின் மேல் போனதும் வழுக்கியது. பிடிமானத்துக்குக் காலைப் பின்னால் உதைத்தேன்.

ஒரு மண் குடம் உருண்டு, லோரியின் விளிம்பில் மோதி, ‘டப்’ என்று உடைந்தது.

எங்கள் ஆட்கள் நடுவில் மண் குடம் உடைகிற சத்தத்துக்கு ஓர் இடம்தான் உண்டு. புதுக் கடை வாசல் அந்த இடம் இல்லை. ஓனரம்மா “ஐயோ” என்றார். இரண்டு பேர் செருப்பைத் தேடிக் கிளம்பினார்களாம். இருட்டுக்குள் இலைக்கட்டின் மேல் குப்புறக் கிடந்த எனக்கு வெளியே நடப்பது எதுவும் தெரியவில்லை. ஆனால் பாக்கெட் கம்பெனி ஏஜென்டின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. “பரவால்ல சார், என் கார்லயே கொஞ்சம் மஞ்சள் இருக்கு. எடுத்துட்டு வரவா?”

அதுவரை எனக்குச் சிரிப்பும் வெட்கமும்தான். ஒரு பெண் ஃபேக்டரி வேலையை விட்டு, சேமித்து வாங்கிய ஒரு மிஷின், இரும்புக் கடையின் தராசில் ஏறுவதை அந்த இருட்டில் பார்த்தேன். காரணம் பாக்கெட் கம்பெனி இல்லை. நான்கு நிறத்தில் ஒரு பட்டியல்.

“எங்க அந்த ஆளு?”

அக்காவின் குரல்.

நிலையத்திலிருந்து வெயிலில் நடந்து வந்திருக்கிறார். நான் தலையைத் திருப்பிப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. அவருக்கு அங்கிருந்து தெரிந்தது என் முகம் இல்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

“அது அவருதான்” என்று டிரைவர் அங்கிள் அடையாளம் காட்டினார்.

அக்கா நேராக ஓனரிடம் போயிருக்க வேண்டும். குரல் தள்ளிக் கேட்டது. “அண்ணே, அந்த லோரில இருக்கிறது ஒண்ணும் ஒங்களுக்கு இன்னைக்கு வேணாம். மூடச் சொல்லிட்டேன். இந்தாங்க.”

“என்னம்மா இது?”

“மஞ்சள் ஒரு கிலோ, உப்பு ஒரு கிலோ. காலைல குளிச்சிட்டு, கோயில்ல வச்சு எடுத்துட்டு வந்தது. லோரில வரல. என் மடில, ரயில்ல வந்துச்சு.”

ஐயர், “இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு” என்றார். அவர் சொன்ன விதத்தில், கொண்டுபோங்களேன் என்ற அர்த்தமும் இருந்ததுபோலப் பட்டது.

“அந்தக் கொடம் ஒடஞ்சுச்சே” என்றார் ஓனர்.

“கொடம் லோரிக்குள்ள ஒடஞ்சுச்சு. லோரி என்னுது இல்ல, ஒங்களுது இல்ல. அபசகுனம்னா அது அப்பளக்கார அண்ணனுக்குத்தான்” என்றார் அக்கா.

இது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. எனக்கும்கூட. ஓனரம்மா தட்டை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் அந்தப் பையை வாங்கிக்கொண்டு வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். நாதஸ்வரம் மறுபடி ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் பால் பொங்கியது என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அதற்குள் டிரைவர் அங்கிள் என் காலைப் பிடித்து இழுத்து என்னை இறக்கியிருந்தார். அந்த லோரியிலிருந்து அன்று அந்தக் கடை வாசலில் இறங்கிய ஒரே சரக்கு நான்தான். ஏறியது கடைசி, இறங்கியது முதல். விதி தெளிவாக வேலை செய்தது.

இப்போது யோசித்தால், அன்று காலையில் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு ஆகக் குறைந்த புகையோடு வந்து சேர்ந்த சரக்கு அக்காவின் மடியில் வந்த அந்தப் பைதான். அதற்குப் பட்டறையும் இல்லை, பட்டியலும் இல்லை, இலவசச் சாப்பாடும் இல்லை.

திரும்பும் வழியில் அங்கிளிடம் கேட்டேன். “தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீங்க?”

“ஓட்டுனா மட்டும் போதும்னீங்க, பாஸ். ஓட்டுனேன்.”

சுங்கை வேயில் சரக்கை இறக்கினோம். ஒரு குடம் குறைந்தது. அந்தக் கடைக்காரர், இந்தத் தொழிலில் உடைவது சகஜம் என்றார்.

ஓனர் மிச்ச மஞ்சளையும் தூளையும் மறுநாள் அனுப்பச் சொன்னார். லோரியைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கொண்டுவர வேண்டும் என்று கட்டளை. இரண்டு கடைக்கும் எல்லாத் தூளும் அக்காவிடம்தான் என்று அன்று மாலையே போனில் சொல்லிவிட்டார். நான் செய்த காரியத்துக்குப் பிறகு அக்கா பங்கு லோரியையே தலைமுழுகிவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. மறுநாள் விடியற்காலையில் மில்லுக்கு மன்னிப்புக் கேட்கப் போனபோது, அக்கா லோரிக்குள் சுண்ணாம்புக் கட்டியோடு குந்தியிருந்தார். தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வெளியே நின்ற டிரைவர் அங்கிள் ஒவ்வொரு கோட்டுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“யோசன நல்ல யோசனதான்ணே” என்றார் என்னிடம், நிமிராமலேயே. “நாலு வேன் போற எடத்துக்கு ஒரு லோரி போதும். ஆனா யாரோட சாமான் யாரு பக்கத்துல ஒக்காரலாம், யாரு மொதல்ல எழுந்து போவா, அது தெரிஞ்ச ஆளு ஏத்தணும். கல்யாணத்துல பந்திக்கு ஆள் ஒக்கார வைக்கிற மாதிரி.”

அதற்குப் பிறகு லோரி ஒழுங்காகப் போகிறது. தூரமாக இறங்குகிறது உள்ளே, பக்கத்தில் இறங்குகிறது கதவோரம். ஈமச் சரக்குக்குத் தனி நாள். அதுவும் சுங்கை வேயில் இறக்கிவிட்டுத்தான் மேலே போகும். இலையின்மேல் எதுவும் ஏறாது. இலைக்காரர் தன் ரகசிய வாடிக்கையாளர்களை இப்போது அக்காவிடம் உரக்கவே சொல்கிறார். என் வேன் வீட்டு வாசலில் நிற்கிறது; மழை நாளில் என் மனைவி அதற்குள் துணி காயப்போடுகிறார். காலியாக ஓடியதைவிட அதற்கு இது கௌரவமான வேலை.

போன வாரம் அந்த இளம் முனைவர் எப்படியோ கேள்விப்பட்டு எனக்குப் போன் செய்தார். வியாபாரிகளே சேர்ந்து நடத்தும் பங்கு லோரி, அருமையான முன்மாதிரி, அடுத்த பட்டறையில் நீங்கள் பேச வேண்டும் என்றார். மதிய உணவு உண்டு என்பதையும் மறக்காமல் சொன்னார். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாஸ் என்று என்னை நானே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன்.

உடனே அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினேன். நம் லோரி இப்போது முன்மாதிரி ஆகிவிட்டது, நான் பேசப்போகிறேன், பேசுகிறவனுக்கு அனுபவம் வேண்டும் அல்லவா, ஆகவே நாளை முதல் மறுபடி நானே வந்து ஏற்றுவதைக் கவனிக்கிறேன், பழைய பட்டியலைத் திருத்திவிட்டேன், இந்தத் தடவை ஐந்து நிறம், எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டிருந்தேன்.

நீல நிறத்தில் இரண்டு டிக் விழுந்தது. டைப் செய்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. பதில் வந்தது.

“நீங்க வேணாம்ணே, அப்பளத்த மட்டும் அனுப்புங்க.”